எல்லைக்காரர் பென்னோவின் நான்கு செர்ரிக் கிளைகள்

“கடவுளே டிராக்டர் ஏறி வந்து, ‘பென்னோ, ஒரே ஒரு விரற்கடை தள்ளி வையேன்’னு கேட்டாலும் தள்ள மாட்டேன். சூரியன் வேணும்னா ஒரு நாள் லேட்டா வரும். நான் எதையும் நகத்தினது கிடையாது, நகத்தப் போறதும் கிடையாது.”

பென்னோ ஹிண்டர்மையர் இதைச் சொன்னது, எல்லை எழுவரில் ஒருவராகச் சத்தியம் செய்துகொண்ட நாளில், புர்கியின் விடுதிக் கூடத்தில், ஒரு நாற்காலியின் மேல் ஏறி நின்று. நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அதனால் சொல்லும்போது அவர் லேசாக ஆடினார். சொன்ன சொல் மட்டும் அதற்குப் பிறகு எத்தனையோ வருடங்களாக ஆடவேயில்லை என்பதை ஹிண்டர்லோ ஊரே சாட்சியாக நின்று சொல்லும்.

வயலுக்கும் வயலுக்கும் நடுவே எல்லைக்கல் நடுவது எழுவரின் வேலை. கல்லுக்கு அடியில் ஓர் அடையாளத்தைப் புதைப்பார்கள். அது என்ன, எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்பது அந்த ஏழு பேருக்கு மட்டும் தெரியும். யாராவது ஆசை மிகுந்து கல்லை நகர்த்தினால், எழுவர் வந்து தோண்டிப் பார்த்துத் தலையை ஆட்டுவார்கள்; கல் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். பதவி சாகும்வரை. ரகசியம் செத்த பிறகும். பென்னோவின் மனைவி இருந்தவரை, அடியில் என்னதான் இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தாள். கோபித்துக் கேட்டாள், கொஞ்சிக் கேட்டாள், பன்றிக்கறி வறுத்து வைத்துக்கொண்டு கேட்டாள். மனிதர் வறுவலை முழுக்கச் சாப்பிட்டார், வாயைத் துடைத்துக்கொண்டார், நன்றி சொன்னார். அவளைப் புதைத்த அன்றும், குழி பக்கத்துக் குடும்பத்தின் குழிக்குள் ஒரு கையகலம் போயிருப்பதைக் கவனித்து, வெட்டியவரை ஓரமாக அழைத்துச் சொன்னார் என்று பேச்சு. நான் நம்புகிறேன்.

கோழிக்கூண்டு விஷயம் பேச்சல்ல, கண்ணால் கண்டது. ஒரு வசந்தகாலத்தில் சும்மா இருக்க முடியாமல் தன் தோட்டத்தையே அளந்து பார்த்தார். கூண்டின் பாதி, பஸ் ஓட்டும் குவிரினின் நிலத்தில் நின்றுகொண்டிருந்தது. குவிரினுக்கு அது தெரியாது. தெரிந்தாலும் கவலைப்படுகிற ஆள் இல்லை. பென்னோ ரம்பத்தை எடுத்துக் கூண்டை நேர்பாதியாக அறுத்தார். கோழிகள் அடுத்து வந்த குளிர்காலத்தை மூன்று சுவர்களோடு கழித்தன. முட்டையிடுவதை நிறுத்திக்கொண்டு, நீதியைப் பற்றி யோசித்தபடி நின்றன.

இப்படிப்பட்டவரிடம்தான் எங்கள் ஊர் தன் ஆகப் பெரிய பிரச்சினையைக் கொண்டுபோய் ஒப்படைத்தது. பிரச்சினை இதுதான்: டிசம்பர் தொடக்கத்தில் எந்த ஊருக்குப் போவது?

உறைந்த குளத்தில் கைப்பிடி வைத்த கட்டையைச் சறுக்கிவிட்டு விளையாடும் கழகம் ஒன்று எங்களுக்கு உண்டு. கழகத்துக்கு வருடத்துக்கு ஒரு சுற்றுலா. ஒரு பஸ், ஒரு நாள், ஒரு ஊர். அங்கே கிறிஸ்துமஸ் சந்தையில் நின்று சூடான மசாலா ஒயின் குடித்துவிட்டுத் திரும்ப வேண்டும். தீயணைப்பு நிலையத்தை எங்கே கட்டுவது என்பதை ஹிண்டர்லோ ஒரே மாலையில் தீர்மானித்தது. ஒயினை எங்கே நின்று குடிப்பது என்பதைத் தீர்மானிக்க அரை வருடம் போதவில்லை. முன்பெல்லாம் கைதூக்கி ஓட்டெடுப்போம். ஒரு வருடம் ஓட்டு சமமாகிப் போனது. வழியில் பேசிக்கொள்ளலாம் என்று பஸ் கிளம்பி, நெடுஞ்சாலை பிரியும் இடத்தில் நின்று, இடப்பக்கத்துக்காரர்களும் வலப்பக்கத்துக்காரர்களும் மதியம்வரை விவாதித்து, கடைசியில் ஊருக்கே திரும்பிவிட்டது. புர்கியின் விடுதி வாசலில், பஸ்ஸை விட்டு இறங்காமலே, ஆளுக்கொரு தொத்திறைச்சி சாப்பிட்டோம். நல்ல சுற்றுலா என்று பலர் சொன்னார்கள்.

அதற்கு அடுத்த வருடம் புர்கிதான் கிளை யோசனையைச் சொன்னாள். எங்கள் பக்கத்தில் டிசம்பர் நான்காம் தேதி, புனித பார்பராவின் நாளில், செர்ரிக் கிளை ஒன்றை வெட்டி வெதுவெதுப்பான அறையில் தண்ணீரில் வைப்பார்கள். கிறிஸ்துமஸுக்குள் பூத்துவிடும். கல்யாணமாகாத பெண்கள் பல கிளைகள் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பையன் பெயரைக் கட்டுவார்கள். முதலில் பூத்தவன் மாப்பிள்ளை. புர்கியின் வாதம் எளிமையானது: புருஷனையே தேர்ந்தெடுக்கிற கிளைக்கு ஒரு ஊரைத் தேர்ந்தெடுக்கத் தெரியாதா? தன் புருஷனை அப்படித்தான் தேர்ந்தெடுத்ததாகவும் சேர்த்துச் சொன்னாள். எல்லாரும் அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். இருந்தாலும் யோசனை நிறைவேறியது.

பாதிரியார் ஓர் இடைஞ்சல் கிளப்பினார். பார்பராவின் நாளுக்கு முன்பே பார்பராவின் கிளையை வெட்டுவது அந்தப் புனிதைக்கு மரியாதைக் குறைவு என்றார். ஆனால் நான்காம் தேதி வெட்டினால் பூக்க மூன்று வாரம் ஆகும். பஸ்ஸோ டிசம்பர் முதல் சனிக்கிழமை கிளம்ப வேண்டும். கடைசியில், நவம்பரில் மார்ட்டின் திருநாளன்று வெட்டுவது, வெட்டும்போது பார்பராவிடம் சத்தமாக மன்னிப்புக் கேட்பது என்று ஒப்பந்தமானது. மன்னிப்பைப் பாதிரியாரே கேட்டார்.

நான் சொல்ல வருகிற வருடத்தில் போட்டியில் நான்கு ஊர்கள். குவிரின் நூரன்பெர்க்கைச் சொன்னான். பக்கம், டீசலும் மிச்சம். புர்கி ரோட்டன்பர்க்கைச் சொன்னாள். கட்டை விளையாடுகிற இளவட்டங்கள், புகைவாசம் அடிக்கும் பீருக்காக பாம்பெர்க்கைச் சொன்னார்கள். தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் ஒட்டிலி, மூன்று ஆறுகள் சேரும் பாசாவைச் சொன்னாள். அது கிழக்கே எல்லையோரத்தில், நாலு ஊரிலும் தொலைவானது. அதைச் சொல்ல அவள் வாயைத் திறந்ததே எல்லாருக்கும் ஆச்சரியம். சுற்றுலாவில் எந்த ஊரானாலும் ஏறி உட்காருகிறவள் அவள்.

கிளைகளை வெட்டும் பொறுப்பு பென்னோவுக்கு. இரண்டு வயல்களின் எல்லைக்கோட்டின்மேலேயே நிற்பதால் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்தார். நான்கு கிளைகளும் ஒரே பக்கத்தில், ஒரே தடிமனில், மொட்டுக்கு மொட்டு சமமாக. அந்த வருடம் பனி விழவில்லை. ஒரு முறையாவது உறையாத கிளை பூக்காது. ஆகவே நான்கையும் புர்கியின் ஃப்ரீசரில், மான்கறிக்குப் பக்கத்தில் ஓர் இரவு படுக்க வைத்தார். பிறகு கூடத்தில், பச்சை ஓடு பதித்த கணப்பைச் சுற்றி நான்கு கல் ஜாடிகள், சாக்கட்டியால் எழுதிய நான்கு ஊர்ப் பெயர்கள். மடக்கு அளவுகோலை விரித்து, கணப்பிலிருந்து ஒவ்வொரு ஜாடியும் ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று தவழ்ந்து தவழ்ந்து அளந்தார். கூடம் மூச்சுவிடாமல் பார்த்தது. பேரரசுகளைப் பங்கு பிரித்தவர்கள்கூட இவ்வளவு கவனம் காட்டியிருக்க மாட்டார்கள்.

நவம்பரில் எங்கள் ஊர் கொஞ்ச காலத்துக்கு இல்லாமல் போகும். மூடுபனி வந்து முதலில் வயல்களை எடுத்துக்கொள்ளும், அப்புறம் தேவாலயக் கோபுரத்தை, அப்புறம் எதிர்வீட்டை. மணியோசை மட்டும் எங்கிருந்தென்று தெரியாமல் வரும். அந்த வெள்ளைக்குள் நடந்து, புர்கியின் கூடத்துக் கதவைத் திறந்தால், கணப்பின் சூடும் ஆரஞ்சுத்தோல் வாசமும், நடுவில் அந்த நான்கு வெற்றுக் கிளைகளும். யாரும் அவற்றை வெற்றுக் கிளைகளாகப் பார்க்கவில்லை. மாலை மாலையாக வந்து உட்கார்ந்து, ஆளுக்கொரு கிளையைப் பார்த்தபடி, தூக்கத்தில் பேசுகிறவர்களைப் போலப் பேசினார்கள். புர்கி ரோட்டன்பர்க்கின் மதில்மேல் பனி உட்கார்ந்திருப்பதைச் சொன்னாள். போன தடவை அங்கே கழிப்பறைக்கு நின்ற வரிசையை அவள் மறந்தேபோயிருந்தாள். குவிரின் நூரன்பெர்க்கின் கோடுபோட்ட துணிக்கூரைகளையும் அதன்கீழ் தொங்கும் விளக்குகளையும் விரல்நுனியால் காற்றில் வரைந்தான். வாகனம் நிறுத்த இடம் கிடைக்காமல் அதே ஊரை அவன் சபித்ததை நாங்கள் பஸ்ஸில் உட்கார்ந்து கேட்டிருக்கிறோம். கிளையில் மொட்டுகள் பருக்கப் பருக்க, அந்த ஊர்கள் அழகாகிக்கொண்டே போயின. உண்மையில் எந்த ஊராலும் அந்த அழகை எட்ட முடியாது.

கனவு முற்றினால் மனிதர்கள் திருடத் தொடங்குவார்கள். ஒரு நாள் மதியம் குவிரின் கூடத்தில் தனியாக, மனைவியின் ஹேர் டிரையரால் நூரன்பெர்க் கிளைக்குச் சூடுகாட்டிக்கொண்டிருக்கையில் பென்னோ உள்ளே வந்தார். தலையைக் காயவைப்பதாகக் குவிரின் சொன்னான். அவன் தலையில் காயவைக்க ஒன்றுமில்லை என்பதைச் சுட்டிக்காட்டாமல், பென்னோ ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி அவன் கையில் கொடுத்தார். ரோட்டன்பர்க் ஜாடியில் ஈக்கள் மொய்ப்பதைக் கண்டு நாக்கால் தொட்டுப் பார்த்தார், சர்க்கரைத் தண்ணீர். புர்கிக்கு எதுவும் தெரியாதாம். பாம்பெர்க்கின் இளைஞர்கள் அன்பு மிகுதியால் தங்கள் கிளைக்கு அந்த ஊர்ப் பீரையே ஊற்றிவிட்டார்கள். அந்தக் கிளை இரண்டு நாளில் இலைமொட்டெல்லாம் கறுத்து, போட்டியிலிருந்து கௌரவமாக விலகியது.

பென்னோ எல்லா ஜாடிகளிலும் தண்ணீரை மாற்றினார். கூடத்துச் சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பகல் முழுக்க அங்கேயே உட்கார்ந்து காவல் காத்தார். மூன்று கிளைகளையும் தினமும் கால்வட்டம் திருப்பி வைத்தார், வெளிச்சம் யாருக்கும் கூடக் கிடைத்துவிடாதபடி. குவிரின் வாசலில் நின்று எட்டிப் பார்த்து, “அண்ணே, அந்தக் கிளைக்குத் தாலாட்டும் பாடுவீங்களா, இல்ல நாங்க ஆள் அனுப்பணுமா?” என்று கேட்டுவிட்டுப் போவான்.

ஒட்டிலி மட்டும் தன் கிளையைப் பார்க்க வரவேயில்லை. ஒரே ஒரு முறை வந்தது நவம்பர் கடைசியில், ஒரு மதியம். நான் சமையலறையில் புர்கிக்காக இஞ்சி பிஸ்கட் வெட்டிக்கொண்டிருந்தேன். புர்கி சந்தைக்குப் போயிருந்தாள். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே தட்டு நீட்டும் சிறு சன்னல் ஒன்று உண்டு. நான் ஒட்டுக்கேட்கவில்லை. சன்னல் திறந்திருந்தது, அவ்வளவுதான்.

“மொட்டு எப்படி இருக்கு பென்னோ?” என்று ஒட்டிலி கேட்டாள்.

அங்கேதானே இருக்கிறது, பார்த்துக்கொள்ளேன் என்றார் பென்னோ. அவள் மெதுவாக ஜாடியை நெருங்கி, கையை நீட்டி, கிளையை விரலால் தடவினாள். தொடக்கூடாது என்று அவர் அதட்டினார். பிறகுதான் கவனித்தார். அவள் தடவிக்கொண்டிருந்தது நூரன்பெர்க் கிளையை.

“எத்தனை நாளா கண்ணு இப்படி?” என்றார்.

“கோடை வந்ததிலிருந்து. நடுவுல ஒரு சாம்பல் புள்ளி. ஓரத்துல மட்டும் தெரியுது. அடுத்த டிசம்பருக்குள்ள ஓரமும் போயிடும்னு டாக்டர் சொல்லிட்டார். எழுத்து தெரியறதில்ல. அதனாலதான் மனப்பாடமான அந்த மூணு பாட்டையே திருப்பித் திருப்பி வாசிக்கிறேன். ஊர்ல எல்லாரும் கிழவிக்குப் பிடிவாதம்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க. நினைக்கட்டும். தெரிஞ்சா பாதிரியார் ஒரு பூங்கொத்தக் கையில குடுத்து ஆர்கனப் பூட்டிடுவார்.”

பாசாவ் எதற்கு, அங்கே இருக்கும் பெரிய ஆர்கனைக் கேட்கவா என்று பென்னோ விசாரித்தார்.

“கேக்கறதுக்கு என்ன அவசரம்? காது எங்கயும் ஓடிப்போகாது. சின்ன வயசுல ஒரு தடவ அப்பாவோட போனேன். சாயங்காலம், பாலத்து மேல நின்னோம். மேல சந்தை விளக்கு, கீழ ஆத்துல அதே விளக்கு. மூணு தண்ணியும் மூணு நிறம். ஒவ்வொண்ணுலயும் வெளிச்சம் வேற மாதிரி ஆடிச்சு. அத ஒரு தடவ பாத்து வெச்சுக்கிட்டா, அப்புறம் உள்ளயே எத்தனை வருஷம் வேணும்னாலும் பாத்துக்கலாம்.”

ரயிலில் போகலாமே என்றார் அவர்.

“தனியா போயி நான் அங்க வழி தெரியாம நின்னா, கண்ணு தெரியாத கிழவி தொலைஞ்சுபோயிட்டா. பஸ்ல போனா ஊரோட சுத்திப் பாக்க வந்தவ. என்னை யாராவது கூட்டிட்டுப் போணும்னா காரணம் சொல்லணும். உன்கிட்ட டிராக்டர்தான் இருக்கு.”

அதைப் பென்னோவால் மறுக்க முடியவில்லை.

“ஒட்டிலி, நான் சத்தியம் பண்ணவன்.”

“உன்கிட்ட ஒண்ணும் கேக்கலையே. நீ கேட்ட, நான் சொன்னேன்.”

“கேட்டாலும் செய்ய மாட்டேன்.”

“தெரியும். அதான் உன்கிட்ட சொன்னேன். வேற யார்கிட்ட சொல்லியிருந்தாலும் இந்நேரம் பாசாவ் பூத்திருக்கும். பாவம் பாத்துக் குடுத்த ஊரு எனக்கு வேணாம்.”

அவள் சால்வையைச் சரிசெய்துகொண்டு வாசல் பக்கம் நடந்தாள். கதவுக்கு ஒரு கையகலம் இடப்பக்கம், சுவரைத் தொட்டாள். பிறகு கதவைக் கண்டுபிடித்தாள். பென்னோ எழுந்துபோய் உதவவில்லை. உதவியிருந்தால் அவள் மன்னித்திருக்க மாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். அவள் பின்னால் கதவு மூடியது. நான் பிஸ்கட் வெட்டுவதை நிறுத்தியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

அடுத்த ஞாயிறு, திருப்பலி முடிந்ததும் ஊர் மொத்தமும் கூடத்துக்கு வரும். எந்தக் கிளையில் முதல் பூ இருக்கிறதோ அந்த ஊர். எதிலும் பூ இல்லையென்றால், வெள்ளை நுனி அதிகம் காட்டும் கிளை. இதுவும் பென்னோவே வகுத்த விதிதான். சனிக்கிழமை மதியத்துக்குள் பந்தயம் இரண்டு ஜாடிகளுக்குள் சுருங்கியிருந்தது. ரோட்டன்பர்க் சர்க்கரையைத் தாங்கமுடியாமல் உறங்கிவிட்டது. பாசாவில் ஒரே ஒரு கொத்து, மொட்டுகள் பிளந்து, உள்ளே வெள்ளை ஒளிந்துகொண்டிருந்தது. நூரன்பெர்க்தான் எப்போதும் ஒரு நாள் முன்னால் போய்க்கொண்டிருந்தது. குவிரின் ஏற்கெனவே டீசல் நிரப்பிவிட்டு வந்து, அங்கே எந்தக் கடையில் யார் என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அன்று மதியம் பிஸ்கட் டப்பாக்களை அடுக்கி முடித்துவிட்டு, தட்டு நீட்டும் சன்னலை மூடப் போனேன். வெளியே மூடுபனி கூடத்துச் சன்னல் கண்ணாடிவரை வந்து நின்றிருந்தது. கூடத்துக்குள் ஏதோ பாலில் கரைந்த மாதிரி வெளிச்சம். பென்னோ நூரன்பெர்க் ஜாடியின் முன்னால், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

பூத்துவிட்டிருந்தது. ஒரே ஒரு பூ, ஐந்து இதழும் முழுசாக விரிந்து, சந்தேகத்துக்கு இடமேயில்லாமல்.

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பூ அங்கேயே இருந்தது. பாசாவ் ஜாடியிடம் போய்க் குனிந்து, மொட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவை விரிவது நாளைக் காலை, அல்லது நாளை மதியம். அதற்கு மேல் அவற்றை அவசரப்படுத்த யாராலும் முடியாது. கதவைப் பார்த்தார். என் பக்கம் பார்க்கவில்லை. நான் சன்னல் பலகையின் பின்னால் கொஞ்சம் ஒதுங்கி நின்றேன்.

அவர் திரும்பிவந்து, நூரன்பெர்க்கின் பூவை இரண்டு விரலால் கிள்ளினார். கையில் வைத்துப் பார்த்தார். எங்கே போடுவது என்று தெரியவில்லை போலும். கணப்புக் கதவைத் திறந்தால் சத்தம் வரும்; சட்டைப்பையில் போட்டால் சாவியோடு வெளியே வரும். வாயில் போட்டுக்கொண்டார். கசந்திருக்க வேண்டும். முகத்தைச் சுளித்தபடியே, திருப்பலியில் அப்பம் வாங்கிய மாதிரி கண்ணை மூடி, மெதுவாக மென்று விழுங்கினார். பிறகு அதே கொத்தில் வெடிக்கத் தயாராயிருந்த மொட்டுகளையும் கிள்ளிச் சாப்பிட்டார். கிள்ளிய காம்பு சுவர்ப்பக்கம் இருக்கும்படி ஜாடியைத் திருப்பினார்.

மண்டியிட்டு உட்கார்ந்து, பாசாவ் ஜாடியின் அடியில் கைவைத்து, கணப்பை நோக்கித் தள்ளினார். மிகக் கொஞ்சம். கல் தரையில் உரசுகிற ஒலிகூடக் கேட்கவில்லை. பழக்கதோஷத்தில் மடக்கு அளவுகோலை எடுத்து விரித்து, கணப்பிலிருந்து ஜாடிவரை அளந்தார். ஒரு விரற்கடை குறைந்தது. இன்னொரு முறை அளந்தார். அப்போதும் குறைந்தது.

அளவுகோலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.